ஜன்னல் வழியாக வானம் தெரிந்த நாள்

சென்னைக் கடற்கரைச் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறவர்களிடம் சேப்பாக்கம் அரண்மனை எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் பல்கலைக்கழகத்து செனட் ஹவுஸைக் காட்டுவார்கள், சிலர் மாநிலக் கல்லூரியின் கும்மட்டத்தைக் காட்டுவார்கள், "சேப்பாக்கத்துல கிரிக்கெட் கிரவுண்டுதானே இருக்கு, அரண்மனை ஏது?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் அது இருக்கிறது. எழிலகத்துக்கும் மற்ற அரசுக் கட்டிடங்களுக்கும் பின்னால் மறைந்து, 1768லிருந்து அதே இடத்தில் நிற்கிறது.

எனக்கு அது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. அரண்மனையின் ஒரு பாதியான கலச மகாலில் அப்போது இயங்கிவந்த ஓர் அரசு அலுவலகத்தில் அவர் கிளார்க். எங்கள் வீட்டில் ஆபீஸ் என்று யாரும் சொன்னதே இல்லை, "அப்பா மகாலுக்குப் போயிருக்கார்" என்றுதான் சொல்வோம். முழுப் பரீட்சை லீவில் சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மே மாத வெயிலில் நடந்து வந்து அந்த வராந்தாவில் கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்துபோகும். அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜன்னல். அதன் சுவர்க் கனத்துக்குள்ளேயே நான் காலை நீட்டி உட்கார்ந்து படம் வரைவேன், ஒன்பது வயதுப் பெண் முழுசாக உட்காரும் அளவுக்குச் சுவர் அகலம். தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், வரிசை வரிசையாகத் தேக்கு மரச்சட்டங்கள் ஓடும். அவற்றை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவேன்.

அந்த மரச்சட்டங்களைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் இந்த அரண்மனையின் முதல் வீட்டுக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா பதவிக்கு வந்ததே சண்டைக்கு நடுவில்தான். அவருடைய அப்பா அன்வருதீன் 1749இல் ஆம்பூரில் நடந்த போரில் கொல்லப்பட்டார். நவாப் பதவிக்குப் போட்டிபோட்ட சந்தா சாகிப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிப் பிடிக்க, திருச்சியில் ஒதுங்கிய முகமது அலி ஆங்கிலேயக் கம்பெனியைப் பற்றிக்கொண்டு மேலே வந்தார். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர்தான் நவாப் என்று ஐரோப்பியர்களும் ஒப்புக்கொண்டார்கள். கம்பெனியின் துப்பாக்கி நிழலில்தான் தன் ராஜ்ஜியம் இருக்கிறது என்று அவருக்கே தெரியும், அதனால் ஜார்ஜ் கோட்டைக்கு உள்ளேயே ஒரு மாளிகை கட்டிக்கொள்ளத்தான் முதலில் ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. சரி என்று கோட்டைக்குத் தெற்கே, கூவம் ஆற்றைத் தாண்டி, கடலைப் பார்த்த மாதிரி இடம் வாங்கினார். அரண்மனை வளாகம் மட்டும் 117 ஏக்கர் என்று சொல்வார்கள். இன்றைக்கு மைதானம், அரசு அலுவலகங்கள், கல்லூரி விடுதி என்று நாம் பார்க்கிற அந்தப் பகுதி பெரும்பாலும் அந்த மதிலுக்குள் இருந்ததுதான்.

இரண்டு கட்டிடங்கள் எழுந்தன. மாடியோடு கூடிய கலச மகால் ஒன்று, தரைத்தளம் மட்டும் கொண்ட ஹுமாயூன் மகால் இன்னொன்று. கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்பார்கள். கம்பெனி வேலைக்கு வந்து, காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிடம் கட்டி, கூடவே வட்டிக்கும் விட்டுப் பெரிய பணக்காரர் ஆன ஆள். அவரிடம் கடன் வாங்கியவர்களில் முக்கியமானவர் நம் நவாப்.

இந்தக் கடன் கதை சாதாரணமானது இல்லை. தஞ்சாவூரின் நில வருமானத்தைக் காட்டி நவாப் கடன் வாங்கியிருந்தார். 1776இல் மெட்ராஸ் கவர்னர் பிகாட் தஞ்சாவூரைப் பழையபடி ராஜாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனார். அந்த வருமானம் எனக்கு வரவேண்டியது என்று பென்ஃபீல்ட் வந்து நின்றார். கவுன்சிலில் இருந்தவர்களில் பலரும் நவாபுக்குக் கடன் கொடுத்து வட்டி பார்த்தவர்கள், அவர்கள் சேர்ந்து தங்கள் கவர்னரையே கைது செய்துவிட்டார்கள். காவலில் இருந்தபடியே 1777இல் பிகாட் செத்துப்போனார். 1785இல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்கள் பற்றிப் பல மணி நேரம் பேசினார், அதில் பென்ஃபீல்டைக் கிழித்தெடுத்தார். எனக்கு இந்தப் பேச்சைவிட முக்கியமாகப் படுவது வேறு: அந்தக் கடனுக்கான வட்டி வந்தது நெல் விளைவித்தவர்களிடமிருந்து. தஞ்சாவூர், ஆற்காடு, செங்கல்பட்டுக் குடியானவர்களின் வரிப்பணம் அது. அந்தச் சுவர்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

முகமது அலி 1795இல் காலமானார். அதே வருஷத்தில் எழுந்த திருவல்லிக்கேணிப் பெரிய மசூதிக்கு அவர் குடும்பத்தின் பெயர்தான், வாலாஜா மசூதி. மகன் உம்தத்துல் உமரா 1801இல் இறந்தபோது கம்பெனி கர்நாடக ஆட்சியை மொத்தமாக எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் நவாப் என்ற பட்டமும் ஓய்வூதியமும் அரண்மனையும் மட்டும் மிச்சம். 1855இல் கடைசி நவாப் குலாம் முகமது கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தார், பட்டமும் போனது, கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. வெளியாள் கையில் போகாமல் மெட்ராஸ் அரசே வாங்கிக்கொண்டது. ஆற்காடு இளவரசர் என்ற பட்டத்தோடு அந்தக் குடும்பம் பின்னால் ராயப்பேட்டை அமீர் மகாலுக்குக் குடிபோனது, இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அரசு கைக்கு வந்ததும் மாளிகை ஆபீஸ் ஆனது. வருவாய் வாரியம் உள்ளே வந்தது. ராபர்ட் சிஸம் என்ற கட்டிடக் கலைஞர் இரண்டு மகால்களையும் இணைத்து நடுவே ஒரு கோபுரம் எழுப்பினார். அவர்தான் பக்கத்தில் மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுஸையும் வடிவமைத்தவர். வளைவுகளும் கும்மட்டங்களும் மினார்களுமாக இந்தோ சாரசெனிக் என்று சொல்கிறோமே, அந்தப் பாணியின் ஆரம்பமே சேப்பாக்கம் அரண்மனைதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முதல் கட்டிடமா இல்லையா என்று அடித்துச் சொல்ல நான் நிபுணர் இல்லை. ஆனால் செனட் ஹவுஸ் முன்னால் நின்று பார்த்துவிட்டு வாலாஜா சாலையைத் தாண்டி வந்து கலச மகாலைப் பார்த்தால் இது அக்கா, அது தங்கை என்று யாருக்கும் புரியும். அக்கா இங்கே இருப்பவள்.

இன்னொரு விஷயம், இது ஏன் பலருக்குத் தெரியாமல் போனதோ. 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், 1862லிருந்து 1920 வரை இந்தக் கலச மகாலில்தான் நடந்தது. இந்த மாகாணத்து அணைகளையும் பாலங்களையும் பார்த்துக்கொண்ட எத்தனையோ பொறியாளர்கள் இந்த வராந்தாக்களில்தான் படித்து வெளியே போனார்கள்.

இனி மரச்சட்டங்கள்.

அப்பாவைப் படிக்க வைத்தது எங்கள் ஆயா, அப்பாவின் அம்மா. சித்தாள் வேலை. 1950களில் மெட்ராஸில் வீட்டுக்குத் தளம் போடும் இடங்களில் தளம் அடிக்கப் போவார். ஒரு முறை அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க மகாலுக்கு வந்தபோது ஆயா முதலில் நிமிர்ந்து கூரையைத்தான் பார்த்தாராம். "இது நாங்க அடிக்கிற தளம்தான்டா" என்று சொன்னாராம். அப்பா இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அந்தத் தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். செய்முறையை ஆயா வாயால் கேட்டதுதான் எனக்குத் தெரிந்தது, பின்னால் படித்ததும் அதோடு ஒத்துப்போனது. சுவருக்குச் சுவர் பெரிய உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்கே கொஞ்ச இடைவெளியில் சின்னத் தேக்குச் சட்டங்கள். இந்தச் சட்டங்களுக்கு மேல் தட்டையான, உள்ளங்கை அளவு சின்னச் செங்கல்லை, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே போவார் கொத்தனார். கீழே பலகை முட்டு எதுவும் கிடையாது. ஒட்டிய கல்லைப் பக்கத்துக் கல்லும் சாந்தும் பிடித்துக்கொள்ளும், அடுத்த வரிசை வரும், அப்படியே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை. அது இறுகியதும் மேலே உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலைந்து அங்குலம் கொட்டுவார்கள். அங்கேதான் ஆயாவுக்கு வேலை.

பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, கையில் ஒரு மரக்கட்டை, அதால் அந்த ஜல்லியை அடிக்க வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது, தட்டவும் கூடாது, ரெண்டுக்கும் நடுவில் ஒரு அடி. எல்லாரும் ஒரே தாளத்தில், பாட்டுப் பாடிக்கொண்டே. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். காலையில் ஆரம்பித்தால் சாயந்திரம் வரை, மறுநாளும், அதற்கு மறுநாளும். எப்போது நிறுத்துவது? "கட்டை திரும்பி எகிறும் பாரு, அப்போ போதும்" என்பார் ஆயா. அதாவது ஜல்லி இறுகி இறுகி இனி அமுங்க இடமில்லை, அடித்த கட்டையை அதுவே திருப்பி அனுப்புகிறது. அப்புறம் அதன் மேல் தட்டோடு பதித்துப் பூசி முடிப்பார்கள். சொட்டுத் தண்ணீர் இறங்காது. ஆயாவின் வலது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, காய்ப்பு ஒன்று கடைசி வரை இருந்தது. சோறு பிசையும்போது அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

சுண்ணாம்பின் குணத்தையும் சொல்ல வேண்டும். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோ செங்கல் பொடியோ சேர்த்து அரைத்தால் சாந்து. பூசியபின் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. இதற்கு மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கிலும் ஆகும். இறுகிய பிறகும் அதில் ஈரம் உள்ளே போகும், வெளியே வரும். கடலோரத்தில் உப்புக் காற்றில் நிற்கும் சுவருக்கு இது ரொம்ப முக்கியம். பழைய சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டதும் சிமெண்ட் பூசிவிடுகிறோமே, அதைப் போல ஒரு கெடுதல் இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் போகிறது, உப்புப் பூக்கிறது, பழைய செங்கல் உள்ளுக்குள் மாவாகிறது, ரெண்டு மூணு மழைக்காலத்தில் பூச்சு பத்தைப் பத்தையாக விழுகிறது. பார்க்கிறவர்கள் "பழசு, இனி தாங்காது, இடிச்சிடலாம்" என்கிறார்கள். எத்தனை நல்ல வீடுகள் சென்னையில் இப்படியே போயிருக்கின்றன. வயதினால் போனவை குறைவு, தப்பான மருந்தினால் போனவை அதிகம்.

அப்பா 2010இல் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே ஆயா போய்விட்டார்.

2012, ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, பொங்கல். அன்று நள்ளிரவு வாக்கில் கலச மகாலில் தீப்பிடித்தது. விடுமுறை நாள், உள்ளே வேலை செய்பவர்கள் யாரும் இல்லை. தேக்கு, பழைய கோப்புகள், மரத் தடுப்புகள், எரிவதற்கு எல்லாமே இருந்தது. தடிமனான தேக்கு மரம் உடனே எரிந்துவிடாது, வெளியே கரியாகி உள்ளே கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் சட்டங்கள் விட்டுக்கொடுத்ததும் அவற்றின் மேல் இருக்கிற செங்கல்லும் ஜல்லியும் அத்தனை கனமும் ஒரேயடியாகக் கீழே வரும். அப்படி இடிந்து விழுந்ததில் தீயணைக்க உள்ளே போன நிலைய அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். பெண் அதிகாரி ஒருவருக்குப் பலத்த தீக்காயம். மகாலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இருவரையும் நினைக்காமல் தாண்டக் கூடாது.

மாட்டுப் பொங்கல் காலை டீவியில் பார்த்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடிப்போய் பஸ் ஏறினேன். கிட்டே விடவில்லை. தூரத்தில் நின்றுதான் பார்த்தோம். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது, எரிந்த காகிதம் காற்றில் பறந்து வந்து மரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவர்கள் நின்றன. வளைவுகள் நின்றன. கொஞ்ச நேரம் எனக்கு என்ன போயிற்று என்றே புரியவில்லை. அப்பாதான் சொன்னார்: "மாடி ஜன்னலைப் பாரும்மா. உள்ள வானம் தெரியுது."

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

இடித்துவிடலாம் என்ற பேச்சு உடனே எழுந்தது. எரிந்துபோன 244 வருஷத்துக் கட்டிடம், கடலைப் பார்த்த இடம், யாருக்குத்தான் அப்படித் தோன்றாது. இந்த ஊருக்கு அது பழக்கமும்கூட. பழைய ஸ்பென்சர் 1983இல் எரிந்தது, அந்த இடத்தில் புதிதாக ஷாப்பிங் மால் வந்தது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது, அங்கே ரயில்வே கட்டிடம் வந்தது. எரிந்தால் இடிப்பதுதான் என்று ஆகிவிட்ட ஊர் இது. ஆனால் 2012க்குள் ஒரு மாற்றம் நடந்திருந்தது. அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது, 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நகரத்தில் எவையெல்லாம் பாரம்பரியக் கட்டிடங்கள் என்று பட்டியல் போடும் வேலையும் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடந்தது. செனட் ஹவுஸைப் பழுதுபார்த்து முடித்து, பழைய கட்டிடத்தை இப்படியும் மீட்கலாம் என்று காட்டியிருந்தார்கள். அதனால் மகால் எரிந்தபோது கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் எழுதினார்கள், பேசினார்கள், சுவர்கள் தாங்கும் என்று வாதாடினார்கள். கடைசியில் மீட்டெடுப்பது என்று அரசு முடிவு செய்தது. பாராட்ட வேண்டிய முடிவு அது, நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

நெருப்பில் வெந்த சுவரை மீட்பது லேசான காரியம் இல்லை. கடும் சூட்டில் சுவரின் மேல்பகுதிச் சாந்து மறுபடியும் சுட்ட சுண்ணாம்பாகிவிடும், அதன் மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அது உதிரும். எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்க வேண்டும். உள்ளே பொள்ளலாக இருந்தால் சத்தம் மாறும், மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அது போலத்தான். பிரிந்ததைச் சுரண்டி எடுத்து, விரிசலுக்குள் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்து இறுக நாள் கொடுக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

2013 வாக்கில் தொடங்கிய வேலை 2017இல் முடிந்தது. செலவு சுமார் 14.5 கோடி ரூபாய். கடுக்காய், வெல்லம், சுண்ணாம்பு என்று பழைய முறையிலேயே செய்தார்கள். இந்த மாதிரிக் கட்டிடங்களுக்கென்றே பொதுப்பணித் துறையில் ஒரு தனிப் பிரிவும் உருவானது. அடுத்து ஹுமாயூன் மகால். அது எரியவில்லை, ஆனால் நிலைமை இன்னும் மோசம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்து, கூரை விழுந்து, உள்ளே மரங்களே வளர்ந்திருந்தன. அப்பா வேலைக்குப் போன காலத்திலேயே அந்தப் பக்கம் வேர் இறங்கியிருந்ததாகச் சொல்வார். அரச மரத்து விதை ஒன்றைக் காக்கை எச்சம் போட்டால் போதும், சுண்ணாம்புச் சாந்தில் இருக்கும் ஈரத்தைக் குடித்து வேர் உள்ளே போய்விடும், மேலே தெரிகிற செடியை வெட்டினால் உள்ளே இன்னும் பலமாகப் பிடிக்கும். அந்த வேரையெல்லாம் எடுத்து, 66,000 சதுர அடிக் கட்டிடத்துக்கு மறுபடியும் கூரை போட்டார்கள். அதற்கு 40 கோடிக்கு மேல் ஆனது. காசு அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. வருஷா வருஷம் மொட்டை மாடியில் செடி பிடுங்கி, மழைநீர் போகும் தூம்பைச் சுத்தம் செய்து, உதிர்ந்த இடத்தில் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு வைத்திருந்தால் அத்தனை கோடி தேவைப்பட்டிருக்காது என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை ஆட்கள். ஆயா காலத்தில் மெட்ராஸில் தளம் அடிக்கத் தெரிந்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். சிமெண்ட் வந்ததும் அந்த வேலை நின்றது, வேலை நின்றதும் அவர்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆயாவுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாது, எனக்குக் கேள்வி ஞானம் மட்டும்தான். மகாலுக்காக வேலை செய்தபோது பலர் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த வேலை எங்கே? ஒரு மகால் முடிந்து இன்னொன்று வரும்வரை ஐந்து வருஷம் சும்மா இருக்க முடியுமா, அபார்ட்மெண்ட் கட்டப் போய்விடுவார்கள். 2012இலேயே தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள், பட்டியல் போட்டார்கள், எல்லாம் நல்லதுதான். பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்துக்கும் தீர்ப்பு இருந்தது, ஆனாலும் தீர்ப்பு வந்து பல வருஷம் வரை அது பாதி இடிந்தபடியேதான் நின்றது. இடிக்காதே என்று சொல்ல நீதிமன்றத்தால் முடியும். தளம் அடிக்க ஆள் வேண்டும்.

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் மெட்ராஸ் டெரஸ் போட்ட சாதாரண வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மாடி ஒழுகினால் முதலில் ஒரு சிமெண்ட் மூட்டைக்குப் போகாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரையாவது தேடிப் பிடித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டு வேலையும் சேர்ந்தால்தான் அவர் அந்தத் தொழிலில் நிற்பார்.

கலச மகாலில் இப்போது சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு நடக்கிறது. ஏரியைக் காப்பாற்றக் கேட்டு ஊர்க்காரர்கள் அந்தப் படிகளில் ஏறிப் போவதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பூட்டி வைத்திருந்தால் ஹுமாயூன் மகால் கதிதான் இதற்கும். ஆள் புழங்கினால்தான் ஒழுகுவது கண்ணில் படும்.

வேலை முடிந்து கொஞ்ச நாள் கழித்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சாயந்திரம், விசாரணை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். வாசலில் இருந்த காவலாளியிடம் அப்பா, "தம்பி, நான் இங்க வேலை பார்த்தவன்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "வராந்தா வரைக்கும் போய்ப் பாருங்க ஐயா" என்றார். அப்பா தூண் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பூச்சு வழவழவென்று இருந்தது, கைக்குச் சில்லென்று இருந்தது. நான் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். "ஆயா இருந்திருந்தா ரெண்டு குறை சொல்லியிருக்கும்" என்றார் அப்பா.

அப்புறம் வெளியே வந்து, அன்றைக்கு மாட்டுப் பொங்கல் காலையில் நின்றோமே, கிட்டத்தட்ட அதே இடத்தில் போய் நின்றோம். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். மேற்கே வெளிச்சம் இன்னும் பளிச்சென்று இருந்தது, ஆனால் ஜன்னலுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா இருட்டா இருக்கும்மா" என்றார். "வா, போலாம்."